செல்போன் வீடியோவை வெளியிடும் முன் யாரை மறைப்பது, எப்படி மறைப்பது

விபத்தோ போராட்டமோ, நாம் எடுக்கும் வீடியோவில் செய்திக்குரியவர் ஓரிருவர்தான். மற்றவர்கள் சும்மா அந்த வழியே வந்தவர்கள். வெளியிட்ட பிறகு நாம் அழித்தாலும், அதற்குள் அடுத்தவர் செல்போனில் இறங்கியது இறங்கியதுதான். அதனால் மறைக்க வேண்டியதையெல்லாம் பதிவேற்றும் முன்பே மறைத்துவிட வேண்டும். லைவ் ஒளிபரப்பில் அதற்கு வழியே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் லைவ் போகாதீர்கள்.

எடுக்கும் முன் கேமராவின் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கேமரா ஆப்பின் செட்டிங்ஸிலேயே இருக்கும். ஐபோனில் பிரைவஸி பகுதியில் லொகேஷன் சர்வீசஸ் போய், கேமராவுக்கு ‘நெவர்’ கொடுங்கள். அணைக்காவிட்டால் எடுத்த இடம் எக்ஸிஃப் என்னும், கண்ணுக்குத் தெரியாத தகவலாகப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியின் படம் ஓர் இதழில் வந்தபோது, அவர் குவாத்தமாலாவில் இருப்பது இப்படித்தான் தெரிந்துபோனது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஐபோனில் லைவ் போட்டோவையும் நிறுத்துங்கள். ஷட்டரை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி வீடியோவும் ஒலியும் அதில் சேர்ந்துவிடும்.

பேட்டி எடுப்பதானால் பெயர், முகம், குரல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். முகத்துக்குச் சரி சொன்னவர் பெயருக்கு மறுக்கலாம். அடிபட்டுக் கிடப்பவரால் சம்மதம் சொல்ல முடியாது, ஆகவே அவர் முகம் வேண்டவே வேண்டாம்.

அதிகம் சறுக்குவது முகத்தை மறைக்கும்போதுதான். லேசான பிளர் போதாது. மங்கலாக்கிய, கட்டம்கட்டமாக்கிய முகங்களையும் கணினியைப் பழக்கி அடையாளம் காண முடியும் என்று 2016இல் டெக்சாஸ், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். எடிட்டிங் ஆப்பில் உள்ள ஹைலைட்டரால் கறுப்படிக்காதீர்கள், அது பாதி ஊடுருவித் தெரியும் மை, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். கிராப் செய்ததையும் கண்ணை மூடி நம்ப முடியாது. கூகுளின் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மிச்சப் பகுதி ஃபைலுக்குள்ளேயே தங்கிய குறை 2023இல் வெளியே வந்தது. மறைத்து முடித்த படத்தைத் திரையில் முழுதாகத் திறந்து, புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வெட்டாமல் வெளியிடுங்கள்.

வீடியோவில் கட்டம் தானாக முகத்தைப் பின்தொடரும் வசதி பல ஆப்களில் உண்டு. ஆனால் ஆள் தலையைத் திருப்பினாலோ, குறுக்கே ஒருவர் நடந்தாலோ கட்டம் நழுவிவிடும். ஒரே ஒரு ஃபிரேமில் முகம் தெரிந்தாலும் அங்கே நிறுத்திப் படமாக்க ஒரு விநாடி போதும். காது, முடி, கழுத்து எல்லாம் அடங்கும்படி கட்டத்தைப் பெரிதாக வையுங்கள். முகம் திரைக்குள் வருவதற்குச் சற்று முன்பே கட்டம் தொடங்க வேண்டும். முடித்ததும் நாலில் ஒரு பங்கு வேகத்தில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். வண்டி எண், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, உடம்பில் குத்திய பச்சை, கண்ணாடியில் விழும் பிம்பம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தெரிந்தவர்களுக்குச் சட்டையும் நடையுமே போதும் என்பதால், ஆபத்தில் இருப்பவர் என்றால் ஆளையே முழுதாக மறைப்பதுதான் சரி.

அடுத்து, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். பேசியவர் யாரென்று தெரியாமலிருக்கக் குரலின் சுருதியை மாற்றினாலும், அதைப் பழையபடி திருப்பிவிட முடியும். அந்த ஒலியை நீக்கிவிட்டு, சொன்னதை எழுத்தாகவோ உங்கள் குரலிலோ கொடுங்கள்.

இத்தனையையும் பிரதியில்தான் செய்ய வேண்டும். ஒரிஜினல் நாளைக்குச் சாட்சியமாகலாம், அதில் கை வைக்காதீர்கள். அதை ஆட்டோ பேக்கப்பில் சேராத, பூட்டுள்ள ஃபோல்டருக்கு மாற்றி, கேலரியின் ‘சமீபத்தில் அழித்தவை’ பகுதியையும் காலி செய்யுங்கள். செல்போனைப் பிடுங்கினால் முதலில் திறந்து பார்ப்பது கேலரியைத்தான்.