ஒலிப்பதிவுக்கு முன்பணம் கொடுக்குமுன்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கலையகம் தேடும் இசைக்குழுவினர் முதலில் விசாரிப்பது மணிக்கு எவ்வளவு என்பதைத்தான். அதைவிட, ஒரு பாட்டு முழுதாக முடிந்து கைக்கு வர எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் ஒலிக்கலவைக்கும் திருத்தத்துக்கும் தனிக்கணக்கு என்றால் மலிவு மலிவாக இருக்காது. யாழ்ப்பாணம் போவதென்றால் வாத்தியங்களை ஏற்றும் வான் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஓசை சுவரில் பட்டு ணங்கென்று திரும்பினால், எவ்வளவு விலையுயர்ந்த மைக் இருந்தாலும் அந்த எதிரொலி குரலோடு சேர்ந்தே பதிவாகும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மைக்கின் பெயரைக் கேட்டு மயங்குவதைவிட இந்தச் சோதனை மேல். குளிரூட்டியின் இரைச்சலையும் காதுகொடுத்துக் கேளுங்கள். தகரக் கூரை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் குறிக்கவே வேண்டாம்.

ஒத்திகையை வீட்டில் முடித்துக்கொண்டு போங்கள். இறுதியில், சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பை மட்டும் வாங்கி வராதீர்கள். குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக உள்ள 24 பிட் வேவ் (சுருக்கப்படாத, முழுத்தர ஒலி) கோப்புகளையும் தருவார்களா என்று முன்பணம் கொடுக்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.