கப்ரியேல் ருவாவைப் பற்றி 20 நிமிடம் பேச

குடியாத்தத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் என் முறை வந்தபோது, கனடாவின் பிரெஞ்சு நாவலாசிரியர் கப்ரியேல் ருவாவை எடுத்தேன். பிறந்த ஆண்டில் தொடங்கி வரிசையாகப் படித்தேன். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மறுபடி பேசக் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் மாற்றினேன். அப்படி மாற்றியதைத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ராய் என்று சொல்லிவிடாதீர்கள், பிரெஞ்சில் அது ருவா.

அப்புறம் விருதிலிருந்து தொடங்காதீர்கள், வீட்டுக்கு வரும் பணத்திலிருந்து தொடங்குங்கள். கப்ரியேல் 1909இல் கனடாவின் மனிடோபா மாகாணத்தில், செயின்ட் போனிஃபேஸில் பிறந்த கடைக்குட்டி. அப்பா அரசு வேலையில் இருந்தவர். ஓய்வு பெறும் வயது நெருங்கிய வேளையில், 1915இல், வேலை போயிற்று. மறு வருஷமே மனிடோபா பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் பாடமொழி என்று சட்டம் வந்தது. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசிவிட்டு வேறு மொழியில் பாடம் படித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இந்த இடத்தில் நிறுத்தி அவர்களைப் பேச விடுங்கள்.

ஆசிரியை வேலை, 1937இல் ஐரோப்பா போனது, இதற்கெல்லாம் ஒரு நிமிடம் போதும்.

நேரத்தை மான்ட்ரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1939இல் திரும்பி வந்து பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே செயின்ட் ஹென்றி பகுதியில் நடந்து திரிந்தார். ரயில் புகையும் ஆலைகளும் நெருக்கி நிற்கும் ஏழைத் தெருக்கள். 1945இல் வந்த முதல் நாவல் அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் குறைந்த வாடகைக்கு வீடு தேடி அலையும் தாய் ரோஸ் ஆன்னா, வேலையில்லாத தச்சர் கணவர், தகரப் புல்லாங்குழலுக்கு ஏங்கும் சீக்காளிப் பையன் தானியேல். கடைசியில் அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் கொண்டுவருவது போர். இதை நிதானமாகச் சொல்லுங்கள், குரலை உயர்த்தவே வேண்டாம்.

1947இல் பாரிஸின் ஃபெமினா இலக்கியப் பரிசு கிடைத்தது; அதே ஆண்டில் கல்யாணம். 1983இல் கியூபெக் நகரில் இறக்கும்வரை எழுதினார். இந்த வரிகளைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வையுங்கள்.

நான் முடித்ததும், மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டே கேட்டிருந்த ஒரு அக்கா கேட்டார்: “அந்தப் பையனுக்குக் குழல் கிடைச்சுதா சார்?”