ரோட்டரி வீடருக்கு பிடிஓ ஷாஃப்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? நீளமும் கோணமும் முதலில், எச்பி அப்புறம்

டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டுதான் பிடிஓ. அதன் சுழற்சியை வீடருக்கு, அதாவது களையெடுக்கும் கருவிக்கு, கொண்டுபோவது பிடிஓ ஷாஃப்ட்; ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாயும், இரு முனையிலும் மடங்கும் ஜாயிண்டும் கொண்டது. வீடருக்கு ஷாஃப்ட் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "டிராக்டர் எத்தனை எச்பி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது தேவையான கேள்விதான். ஆனால் நான் பார்த்தவரை வீடரில் ஷாஃப்ட் வளைவதும், ஜாயிண்ட் கிராஸ் (ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவ இரும்பு) சீக்கிரம் தேய்வதும், ஓடும்போதே இரண்டு குழாயும் பிரிந்து வருவதும் பெரும்பாலும் நீளமும் கோணமும் சரியாக அமையாததால்தான். உழவுக் கருவியை ஒருமுறை இறக்கினால் நெடுநேரம் அதே உயரத்தில் ஓடும். வீடரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் தூக்கித் திருப்பி இறக்க வேண்டும். போதாததற்கு, வீடர் டிராக்டரோடு ஒட்டி நிற்கும். அதனால் ஷாஃப்டும் குட்டையாக இருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிராக்டரோடு கருவியை இணைக்கத் தெரியும், டாப் லிங்க் எது, லோயர் லிங்க் எது என்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஷாஃப்ட் தேவைதானா?

ஸ்பிரிங் கொழு உள்ள வீடர், ரப்பர் விரல் போன்ற சக்கரம் சுழலும் ஃபிங்கர் வீடர் இரண்டுக்கும் பிடிஓ வேண்டாம். அவை இழுவையிலும் மண்ணின் உரசலிலும் வேலை செய்பவை. வரிசைக்கு இடையில் கத்தி சுழலும் ரோட்டரி வீடர், பிரஷ் வீடர், புல்லை அடித்துத் தூளாக்கும் மல்ச்சர், சொந்த ஹைட்ராலிக் பம்ப் உள்ள மரத்தடி வீடர் ஆகியவற்றுக்குத்தான் ஷாஃப்ட் தேவைப்படும்.

படி 1: பல்லை எண்ணுங்கள்

டிராக்டரின் பிடிஓ தண்டைத் துடைத்துவிட்டுப் பல்லை எண்ணுங்கள். தண்டின் விட்டம் 35 மி.மீ. (1 3/8 அங்குலம்), 6 பல் என்றால் 540 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 540 சுற்று). அதே விட்டத்தில் 21 பல் என்றால் 1000 ஆர்பிஎம். 45 மி.மீ. (1 3/4 அங்குலம்), 20 பல் என்றால் அதுவும் 1000தான், பெரிய டிராக்டர்களில் வரும். வேகத்தை மாற்றும் வசதி உள்ள டிராக்டரில் 6 பல் தண்டே 1000-லும் சுற்றலாம், லீவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வீடரின் கியர்பாக்ஸ் தண்டையும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில கருவிகளில் பல்லே இருக்காது. வழவழப்பான உருண்டைத் தண்டில் ஓட்டை போட்டு ஷியர் போல்ட் (பாரம் கூடினால் தானே முறியும் போல்ட்) மாட்டும் வகை அது.

பல் பொருந்தவில்லை என்றால் அடாப்டர் ஒன்றைச் சொருகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அடாப்டர் தண்டைப் பின்னுக்கு நீட்டிவிடும். அதனால் பிடிஓ பேரிங்குக்குப் பாரம் கூடும், டிராக்டரின் கவசமும் ஜாயிண்டை முழுதாக மூடாது. அதைவிட மோசம், 540-க்குச் செய்த வீடரை 1000-ல் ஓட்ட அது வழி திறந்துவிடுகிறது. ஷாஃப்டின் ஒரு பக்கம் 6 பல் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற முனை), மறுபக்கம் 21 பல் யோக் என்று மாற்றிக்கொள்ள முடியும். அதுவும் வேகம் பொருந்தினால் மட்டும்.

படி 2: கிராஸின் அளவு

ஷாஃப்ட் தாங்குவது எச்பியை அல்ல, முறுக்குவிசையை. கணக்கு எளிது: கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். 20 கிலோவாட் 540-ல் ஓடினால் சுமார் 354. அதே 20 கிலோவாட் 1000-ல் ஓடினால் 191. ஆக, "27 எச்பி ஷாஃப்ட்" (20 கிலோவாட் சுமார் அவ்வளவுதான்) என்று மட்டும் சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. எந்த ஆர்பிஎம்மில் என்று கேளுங்கள். எஞ்சின் எச்பி வேறு, பிடிஓவுக்கு வந்து சேரும் எச்பி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். பின்னது எப்போதும் குறைவு.

கடையில் 'சீரிஸ் 2', 'சீரிஸ் 4' என்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போடுவதால் நான் எண்ணை நம்புவதில்லை, வெர்னியரை எடுத்து கிராஸை அளப்பேன். பரவலாகக் கிடைக்கும் அளவுகள் இவை: கப் (கிராஸின் முனையில் இருக்கும் பேரிங் மூடி) விட்டம் 22, கிராஸின் முழு நீளம் 54 மி.மீ. (சிறியது), 23.8 × 61.3; 27 × 74.6, 30.2 × 80, 30.2 × 92. இந்த இரண்டு எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் மாற்று கிராஸ் வாங்கும்போதும் உதவும்.

படி 3: நீளம்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். கருவியோடு வரும் கையேட்டில் 'தேவைப்பட்டால் ஷாஃப்டை வெட்டிக்கொள்ளவும்' என்று ஒரே வரி இருக்கும். எந்த நிலையில் வைத்து அளப்பது என்று இருக்காது. எனக்கு அது விளங்கத்தான் நேரம் பிடித்தது.

தூக்கும்போது ஷாஃப்ட் நீளும், இறக்கும்போது சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் கிடையாது. லோயர் லிங்க் வட்டமாகத்தான் ஏறி இறங்கும். பொதுவாகப் பிடிஓ தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் இடத்தை ஒட்டித்தான் தூரம் மிகக் குறையும். அந்த இடம் பாதித் தூக்கலில் வரலாம். ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அளவு மட்டும் எடுத்தால், நடுவில் ஷாஃப்ட் முட்டுவது தெரியாமலே போகும். முட்டினால் அந்த அடி நேராகப் பிடிஓ பேரிங்குக்கோ கியர்பாக்ஸுக்கோதான் போகும்.

இப்படிச் செய்யுங்கள். ஷாஃப்ட் இல்லாமல் வீடரை மாட்டுங்கள். பிடிஓவை நியூட்ரலில் போடுங்கள். ஹைட்ராலிக்கில் கொஞ்சம் தூக்கி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, வீடருக்கு அடியில் கட்டை கொடுத்தபின் அளவெடுங்கள். இரண்டு தண்டிலும் லாக் விழும் பள்ளம் ஒன்று இருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து இந்தப் பள்ளம் வரை டேப் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் கூட்டி ஒவ்வொரு இடத்திலும் இதையே செய்யுங்கள். வேலை செய்யும் ஆழத்திலும் ஓர் அளவு வேண்டும். மண்ணுக்குள் கத்தி இறங்கும்போது வீடர் தரைமட்டத்தைவிடத் தாழும், அதனால் சிமெண்ட் தரையில் மட்டும் அளந்தால் போதாது.

உதாரணத்துக்கு, குறைந்த தூரம் 620 மி.மீ., அதிக தூரம் 740 மி.மீ. என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்டை முழுதாக மூடினால் அது 620-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு, நான் 40 விடுவேன். ஆக மூடிய நீளம் 580. அடுத்தது பிடிமானம், அதாவது ஒரு குழாய்க்குள் இன்னொன்று எவ்வளவு இருக்கிறது என்பது. மூடிய நிலையில் 360 மி.மீ. உள்ளே இருந்தால், 740-க்கு நீளும்போது 160 வெளியே வந்துவிடும், 200 மிஞ்சும். குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். இங்கே 360-ல் மூன்றில் ஒரு பங்கான 120 போதும், 200 இருப்பதால் தேறிவிட்டது.

அதே 160 மி.மீ. நகர்வை ஒரு குட்டை ஷாஃப்டில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதே 180 என்றால் மிஞ்சுவது 20தான். சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் கழன்று அடிக்க அது போதும். வீடர் மிகவும் ஒட்டி நின்று இந்தச் சிக்கல் வந்தால் ஷாஃப்டை மாற்றிப் பயனில்லை. வீடரின் இணைப்புச் சட்டத்தில் பின்னை மாற்றிப் போட வேறு ஓட்டை இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் தூக்கும் உயரத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

வெட்ட வேண்டியிருந்தால், ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை வீடரிலும் மாட்டி, குறைந்த தூர நிலையில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அடையாளம் போடுங்கள். நான்கு துண்டு: உள் குழாய், வெளிக் குழாய், இரண்டு பிளாஸ்டிக் கவசம். நான்கிலும் ஒரே அளவுதான் வெட்ட வேண்டும். கவசத்தில் வெட்டிய துண்டையே குழாய்மேல் வைத்து அளவுகோலாக்கிக்கொண்டால் டேப் தேவையில்லை.

வெட்டுவதற்கு எனக்குப் பிடித்தது ஹேக்சாதான். கிரைண்டர் வேகமானது, ஆனால் தீப்பொறியும் இரும்புத்தூளும் குழாய்க்குள் போய் ஒட்டிக்கொள்ளும். எதில் வெட்டினாலும் உள்ளும் புறமும் அரத்தால் பிசிரை எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிய பிறகுதான் சேர்க்க வேண்டும். விரலை வளையமாக ஓட்டிப் பார்த்தால் பிசிர் எங்கே மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும், கையுறையோடு ஓட்டுங்கள்.

படி 4: கோணம்

சாதாரண ஜாயிண்ட் மடங்கிச் சுற்றும்போது மறுபக்கம் சீரான வேகம் கிடைக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். 15 டிகிரி மடங்கியிருந்தால் 540 என்பது 522-க்கும் 559-க்கும் இடையில் ஆடும். 30 டிகிரி என்றால் 468-லிருந்து 624 வரை. தூக்கும்போது வரும் 'தட தட' சத்தம் இதுதான்.

ஷாஃப்டில் இரண்டு ஜாயிண்ட் இருப்பதால், இரண்டு கோணமும் சமமாக இருந்தால் முதல் ஜாயிண்ட் செய்த ஆட்டத்தை இரண்டாவது ஜாயிண்ட் சரிக்கட்டிவிடும். அதற்கு கியர்பாக்ஸ் தண்டு பிடிஓ தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும். டாப் லிங்கைத் திருகி அதைச் சரிசெய்யலாம். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் போதும்: எஞ்சினை நிறுத்தி, கியர்பாக்ஸ் முகத்திலும் குழாய் மேலும் வைத்துப் பாருங்கள். வேலை நிலையில் 15 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. அதற்குமேல் மடங்கிய நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கிராஸின் ஆயுள் குறையும். வரிசை முடிவில் உயரத் தூக்கும் முன் பிடிஓவை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஹைட்ராலிக் லீவருக்கு ஒரு ஸ்டாப்பர் வைத்து, கத்தி தரையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

நடுக் குழாயின் இரு முனையில் இருக்கும் யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சதுரக் கம்பி ஷாஃப்டைப் பிரித்துச் சேர்க்கும்போது கால் சுற்று மாறிப் போனால் ஆட்டம் சரிக்கட்டப்படாது, கூடும்.

வைட் ஆங்கிள் ஜாயிண்ட் (அதிகக் கோணத்தில் மடங்கும் ஜாயிண்ட்) வாங்கலாமா என்றால், மும்முனை இணைப்பில் மாட்டும் வீடருக்குப் பெரும்பாலும் வேண்டாம். அது இழுத்துச் செல்லும் கருவி வளைவில் திரும்புவதற்கானது. கனமும் அதிகம், இடத்தையும் அடைக்கும்.

படி 5: காப்பு

கல்லும் வேரும் உள்ள மண்ணில் ஷியர் போல்ட் வைத்தால் நாள் முழுக்க போல்ட் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே ஸ்லிப் கிளட்ச் (பாரம் மீறினால் முறியாமல் வழுக்கும் கிளட்ச்) எடுங்கள். மென்மையான மண்ணுக்கு ஷியர் போல்ட் போதும், ஆனால் கையேட்டில் சொன்ன தரத்தில்தான் போட வேண்டும். 'கெட்டியானது' என்று வேறு போல்ட் போட்டால் போல்ட்டுக்குப் பதில் கியர் உடையும். பெரிய டிராக்டரில் சிறிய வீடர் மாட்டுபவர்களுக்குக் காப்பு கட்டாயம். எதை வைத்தாலும் வீடர் பக்கம்தான் வர வேண்டும், டிராக்டர் பக்கம் அல்ல.

மல்ச்சர் மாதிரி கனமான ரோட்டர் என்றால் ஓவர்ரன் கிளட்சும் வேண்டும். பிடிஓவை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர் டிராக்டரைத் தள்ளாமல் அது தடுக்கும். சுற்றும் திசை பார்த்து வாங்குங்கள்.

லாக் விஷயத்தில் எனக்கு இழுத்து மாட்டும் காலர்தான் பிடிக்கும். பக்கவாட்டில் அமுக்கும் பின்னுக்குள் களைப் புழுதி ஏறி இறுகிக்கொள்ளும். கவசம் இல்லாத ஷாஃப்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேட்டியோ துண்டோ தலைமுடியோ சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி கூட ஆகாது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதிலிருந்து சில.

விரைவாக மாட்டும் குயிக் ஹிட்ச் சட்டம் பிறகு வாங்கிப் போட்டவர் ஒருவர், ஷாஃப்ட் கழல்கிறது என்றார். அந்தச் சட்டம் வீடரைப் பின்னுக்குத் தள்ளிவிடும், பழைய அளவு செல்லாது. சட்டத்தோடு சேர்த்து மூன்றாம் படியை மறுபடி செய்ய வேண்டும். வெட்டிய ஷாஃப்டை ஒட்டி நீட்ட முடியாது.

கவசமும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது என்று இன்னொருவர். இரு முனையிலும் உள்ள சிறு சங்கிலி மாட்டியிருக்கிறதா, கவசத்தின் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்ததா என்று பாருங்கள். அந்த வளையத்துக்கும் கிரீஸ் நிப்பிள் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கழற்றிய ஷாஃப்டை அந்தச் சங்கிலியில் தொங்கவிடுவதும் கூடாது.

கிரீஸ் எத்தனை மணிக்கு ஒருமுறை? பல ஷாஃப்டுகளில் கிராஸுக்கு 8 மணி நேரம், சில புதிய வகைகளில் 50. உங்கள் ஷாஃப்டின் கவசத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

சீசன் முடிந்து நிறுத்திவைத்த வீடரின் ஸ்லிப் கிளட்ச் துருப்பிடித்து இறுகிவிட்டால் அது காப்பாக வேலை செய்யாது. ஸ்பிரிங்கின் நீளத்தை முதலில் அளந்து எழுதிக்கொண்டு, நட்டைத் தளர்த்தி, பிடிஓவைச் சில நொடி மட்டும் ஓட்டி வழுக்கவிடுங்கள். அப்புறம் நட்டை அதே நீளத்துக்கு இறுக்குங்கள். தட்டுகளின் விளிம்பில் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வைத்தால், கோடு உடைந்திருப்பதைப் பார்த்தே வழுக்கியதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம்.