பள்ளிப் பணியாளர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது எப்படி?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 2020இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகள் வந்துபோகும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்கள் அனைவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். அவர்களுக்கு அவ்வப்போது பாதுகாப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும். பல இடங்களில் இந்தப் பயிற்சி, வழக்கறிஞர் ஒருவரை அழைத்துச் சட்டப்பிரிவுகளைப் படிக்கச் செய்வதோடும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடும் முடிந்துவிடுகிறது. பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்லும் ஆசிரியர்கூட, ஒரு மாணவி மதிய இடைவேளையில் அருகில் வந்து, "மிஸ், ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தொடங்கும்போது திகைத்து நின்றுவிடுவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பழக்குவதே பயிற்சியின் வேலை. அதற்கு அரை நாள் போதும்.

முதலில், யாரை அழைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். ஆசிரியர்கள் மட்டும் போதாது. வேன் ஓட்டுநர், ஆயா, காவலாளி, சத்துணவு சமைப்பவர், வாரம் இரண்டு நாள் வரும் கபடிப் பயிற்சியாளர் என எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். குழந்தை யாரிடம் மனம் திறக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை; தமிழாசிரியரிடம் சொல்லாததை அது ஆயாவிடம் சொல்லலாம். தாளாளரும் தலைமையாசிரியரும் தொடக்க உரை ஆற்றிவிட்டுக் கிளம்பக் கூடாது. தகவல் தெரிந்தும் புகார் அளிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று கூறும் 21ஆம் பிரிவு, தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

சட்டத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். பதினெட்டு வயது நிரம்பாத அனைவரும், ஆண் பிள்ளைகள் உட்பட, குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஆதாரம் திரட்டுவது காவல்துறையின் வேலை, ஆசிரியருடையது அன்று. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதால் மட்டும் ஒருவருடைய கடமை தீர்ந்துவிடாது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது. பதினேழு வயதில் காதலிப்பவர்களைப் பற்றி யாராவது நிச்சயம் கேட்பார்கள். அந்த வயதினரின் சம்மதத்தை இச்சட்டம் ஏற்பதில்லை என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். சட்டம் சரியா தவறா என்ற விவாதத்தைத் தேநீர் இடைவேளைக்குத் தள்ளிவிடலாம்.

மீதி நேரத்தில் பெரும்பகுதியை ஒத்திகைக்குக் கொடுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் குழந்தையாகவும் மற்றவர் கேட்பவராகவும் அமரட்டும். "நிஜமாவா?", "அப்பவே ஏன் சொல்லல?", "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற மூன்றும் தம்மையறியாமல் வாயில் வருவதை அவர்களே உணர்வார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உனக்கு உதவி செய்யக்கூடியவங்க கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று கூறப் பழக்குங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" போன்ற கேள்விகளுக்கு மேல் துருவ வேண்டாம், "அவர் இங்க தொட்டாரா?" என்று விடையை நாமே எடுத்துக்கொடுத்தால் குழந்தையின் வாக்குமூலம் பின்னால் நீதிமன்றத்தில் பலவீனப்படும். பேசி முடித்தவுடன், தேதி, நேரம், இடத்துடன் குழந்தை சொன்ன சொற்களையே எழுதி வைக்க வேண்டும். உடலுறுப்புக்கு அது வைத்திருக்கும் பெயரைக்கூட மாற்றாதீர்கள்.

அதன்பின் செய்யக் கூடாதவற்றையும் ஒத்திகையிலேயே நடித்துக் காட்டுங்கள். குழந்தையை மறுபடியும் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துச் சொல்லச் சொல்வது, குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் நிறுத்தி விசாரிப்பது, பள்ளியின் பெயர் கெடும் என்று சமரசம் பேசுவது ஆகிய மூன்றும் பெரும் தீங்கு செய்பவை. பெற்றோரிடம் சொல்வதிலும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். குழந்தை குறிப்பிடும் நபர் வீட்டில் இருப்பவராக இருந்தால், நாம் செய்யும் தொலைபேசி அழைப்பே அதற்கு ஆபத்தாகும். காயம் இருந்தால் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் சிகிச்சை என்று மருத்துவர் சொல்ல முடியாது.

அடுத்து நடப்பது தெரிந்தால்தான் பணியாளர் குழந்தைக்குத் தைரியம் சொல்ல முடியும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து பதிவு செய்வார். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தகவல் தர வேண்டும்.

பெரியவர்களின் அன்றாட நடத்தைக்கு அரை மணி நேரம் போதும்: ஒரு மாணவருக்கு மட்டும் இரவில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதிருத்தல், தனி வகுப்பென்றால் கதவைத் திறந்து வைத்தல், பைக்கில் தனியாக ஏற்றிச் செல்லாதிருத்தல். தொடாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுக்க முடியாது என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னால் அது நியாயமான ஆட்சேபமே. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மற்றவர் கண்முன், தேவையான அளவு மட்டும் தொடலாம் என்பது அதற்கு விடை.

முடிப்பதற்கு முன், உள்ளூர் காவல் நிலைய எண், குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றையும் பள்ளியில் தகவல் சொல்ல வேண்டியவரின் பெயரையும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஓர் அட்டையில் எழுதட்டும். அந்தப் பொறுப்பாளர் மீதே புகார் வந்தால் யாரிடம் போவது என்பதற்காக, அதே அட்டையில் இரண்டாவது பெயர் ஒன்றும் இருக்க வேண்டும்.