மியூசியத்துக்குப் போற பழைய ஷார்ட்வேவ் ரேடியோவ ரெடி பண்றது எப்படி

வால்வு செட் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வால்வுல ஓடுற ரேடியோ) கைக்கு வந்ததும் பாடுதான்னு பாக்க பிளக்க சொருகிடாதீங்க, தயவுசெஞ்சு. வருஷக்கணக்கா சும்மா கெடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் (கரண்ட சேத்து வைக்கிற பாகம்) ஷார்ட் ஆச்சுன்னா, ஏசிய டிசியா மாத்துற ரெக்டிஃபயர் வால்வு, பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டையும் காவு வாங்கிரும், அந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாத்து கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

சும்மா பார்வைக்கு வைக்கப்போற செட்டுன்னா உள்ள கை வைக்கவே வேணாம்ங்கிறது என் கருத்து, தூசி தட்டி வச்சாலே போதும். டயல் கண்ணாடி மட்டும் ஜாக்கிரதை. ஸ்டேஷன் பேரு, மீட்டர் பேண்டு எல்லாம் பெரும்பாலும் பின்பக்கம் அச்சடிச்சிருக்கும், ஈரத்துணி பட்டாலே எழுத்து துணியோட வந்துரும், அதனால முன்பக்கம் மட்டும் துடைங்க.

பாட வைக்கணும்னு முடிவாச்சுன்னா முதல்ல போட்டோ. எந்த சாக்கெட்ல எந்த வால்வு, சேஸிஸ் (பாகமெல்லாம் மாட்டியிருக்கிற உலோகத் தட்டு) அடியில எந்த வயர் எங்க போகுது, எல்லாம் எடுத்து வைங்க.

அடுத்து கண்டென்சர மாத்தணும். அதிலயும் ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வோட கிரிட்டுக்கு (வால்வுல ஓடுற கரண்ட கட்டுப்படுத்துற முனை) போற கப்ளிங் கண்டென்சர்தான் பெரிய வில்லன், பேப்பர் டைப்னா அனேகமா லீக் இருக்கும், முந்தின வால்வோட பிளேட் வோல்டேஜ் கிரிட்டுக்கு கசிஞ்சு பயாஸ் (கிரிட்ல நிக்க வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜ்) கெட்டு வால்வு தாங்காத கரண்ட் இழுத்து அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் எரிஞ்சுபோகும். பழச தூக்கிப் போடாதீங்க. மெழுகு பேப்பர் குழாய ஹேர் ட்ரையர்ல லேசா சூடு காட்டினா உள்ள இருக்கிறது வழுக்கிட்டு வெளிய வரும், அதே மதிப்புல 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர உள்ள வச்சு ரெண்டு முனையும் மெழுகால அடைச்சிருங்க, பாக்க அப்படியே பழசு மாதிரி இருக்கும். எடுத்தத கவர்ல போட்டு எந்த இடம்னு எழுதி செட்டோடயே வைங்க, நாளைக்கு ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கு அதுதான் ஆதாரம்.

கரண்ட் குடுக்கும்போது 60 வாட் குண்டு பல்ப சீரிஸ்ல, அதாவது பல்ப் வழியாத்தான் செட்டுக்கு கரண்ட் போற மாதிரி போடுங்க, எல்இடி உதவாது. பளிச்னு எரிஞ்சு மங்கினா சரி, மங்கவே இல்லன்னா எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்ல சேஸிஸே லைவா இருக்கலாம், மெயின்ஸ்லேர்ந்து செட்ட பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடவே தொடாதீங்க. ஆஃப் பண்ணாலும் 250 வோல்ட்டுக்கு மேல கண்டென்சர்ல நிக்கும், ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர் வச்சுப் பாத்துட்டு கை வைங்க.

சத்தம் கம்மின்னு ஐஎஃப் காயில் (ஸ்டேஷன் சிக்னல பிரிச்செடுக்க ட்யூன் பண்ணி வச்ச காயில்) ஸ்க்ரூவ சும்மா திருகாதீங்க, பேண்ட் ஸ்விட்ச் அழுக்கால கூட சத்தம் கம்மியாகும், கான்டாக்ட்ல மட்டும் ஒரு சொட்டு கிளீனர் விட்டுப் பாருங்க. டெஸ்ட் பண்றது பொழுது சாஞ்ச பிறகு 49 மீட்டர் ஷார்ட்வேவ் பேண்டுல, பகல்ல அந்த பேண்டு தூரத்து ஸ்டேஷன் எடுக்கலன்னு செட்ட குறை சொல்லக்கூடாது.