படகின் அடியில் சோனார் ட்ரான்ஸ்டியூசர் பொருத்துவது: துளை போடுவதற்கு முன்னும் பின்னும்

வேகம் கூடியதும் திரையில் ஆழம் காணாமல் போய், எஞ்சினைக் குறைத்தவுடன் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ஆழம் காட்டும் சோனார் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே குமிழி ஓடுகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். காற்றுக் குமிழி ஒலியைச் சிதறடித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் அந்த நுரைக்குள்ளால் தரையைப் பார்க்க முடியாது.

என்னுடையது 28 அடி பைபர் படகு, உள்ளே டீசல் எஞ்சின். வாங்கும்போதே அடியில் ஒரு ட்ரான்ஸ்டியூசர் இருந்தது. முன்பு பொருத்தியவர், எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் வாய்க்கு நேர் பின்னால் அதைப் பூட்டியிருந்தார். முகத்துவாரத்திலிருந்து மெதுவாக வெளியே போகும்வரை ஆழம் சரியாகக் காட்டும். வேகம் எடுத்ததும் திரை முழுக்கப் புள்ளிகள். கடைசியில் புதிய ஒன்றை வாங்கி வேறிடத்தில் பொருத்தினேன், இப்போது ஓடும்போதும் தரை பிடிக்கிறது. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். ட்ரில் பிடிக்கவும் எபொக்சி கலக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

பின்னால் எஞ்சின் மாட்டிய சிறிய பைபர் வள்ளம் என்றால் அடியில் துளை போடவே வேண்டாம். கடையால் (படகின் பின்முனை) பலகையில் பிராக்கெட் வைத்துப் பூட்டும் வகையே போதும். கரையில் இழுத்து ஏற்றும் வள்ளங்களுக்கும் அடியில் துளைத்துப் பொருத்துவது வேண்டாம். அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் எதையும் மணலும் உருளைக்கட்டையும் விட்டுவைக்காது. அப்படிப்பட்டவர்கள் உள்ளிருந்து பைபர் ஊடாக ஒலி அனுப்பும் வகையைப் பாருங்கள். கொஞ்சம் சக்தி குறையும், ஆனால் துளை இல்லை.

உள் எஞ்சினும் சாஃப்டும் உள்ள படகுகளுக்குக் கதை வேறு. கடையாலில் புரொப்பலர் கலக்கிவிடும் தண்ணீரில் எதை மாட்டினாலும் பயனில்லை. அதனால்தான் அடியைத் துளைத்து, புரொப்பலருக்கு முன்னால், கலங்காத தண்ணீருக்குள் முகத்தை நீட்ட வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது

பைபர் படகுக்கு வெண்கலமோ பிளாஸ்டிக்கோ சரி. நான் வெண்கலத்தைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக் நட்டை ஒரு கை பலமாகத் திருகினாலே புரி போய்விடும். மரப் படகுக்குப் பிளாஸ்டிக் வாங்கவே கூடாது. மரம் தண்ணீர் குடித்து ஊதும்போது அதன் கழுத்தை நெரித்து வெடிக்கவைத்துவிடும். அலுமினியப் படகுக்கு வெண்கலம் ஆகாது, இரண்டு உலோகமும் கடல்நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும்.

50 மற்றும் 200 கிலோஹெர்ட்ஸ் (ஒலி அதிர்வெண்) இரண்டும் உள்ள 600 வாட் வகை நமது கடலுக்குத் தாராளம். கொழும்புக்கு வெளியே கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) ஒடுக்கமானது. அதற்குள் 200ஐ வைத்தால் பாரும் (கடலடிப் பாறை) மணலும் பிரிந்து தெரியும். மேடை விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குப் போகும்போது 50க்கு மாற்றுங்கள்.

கருவிகளுக்கு அலைய வேண்டியதில்லை. ஹோல்சோ (வட்டமாகத் துளை வெட்டும் வாள்), மாஸ்கிங் டேப், அசிட்டோன் எல்லாம் கொழும்பு புறக்கோட்டையில் கிடைக்கும். ஹோல்சோவில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவானது பைபரில் பாதி வழியிலேயே மழுங்கிச் சூடாகி, துளையின் விளிம்பைக் கருக்கிவிடும்.

இடம் பிடிப்பது

மெதுவாக ஓடும் கனத்த படகு என்றால் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) நீர்மட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நல்ல இடம். வேகம் எடுத்ததும் அணியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் படகு என்றால் இன்னும் பின்னால், எஞ்சினுக்குச் சற்று முன், ஏராவுக்கு (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அருகே. ஓடும்போது அந்த இடம் தண்ணீரை விட்டு எழும்பக் கூடாது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கம்? பின்னால் நின்று பார்க்கும்போது புரொப்பலர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப் பக்கம். இதழ்கள் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும்.

பிறகு, தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து அணியம் நோக்கி அடியைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். தண்ணீர் இழுக்கும் வாய், துத்தநாகக் கட்டி, நீளவாக்கில் ஓடும் வரம்பு, பழைய ஒட்டுப்போட்ட மேடு என்று கையில் எது தட்டுப்பட்டாலும் அதன் பின்னால் குமிழி உண்டு. பக்கவாட்டில் நகர்த்துங்கள். உள்ளே போய், நட்டைத் திருக ஸ்பனருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இடத்தில் சந்தேகம் இருந்தால் துளை போடாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. படகு தண்ணீரில் இருக்கும்போதே செய்ய வேண்டும். தடித்த பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் இறக்கி, படகின் உட்பக்கத்தில் அதே இடத்தில் முகம் கீழே இருக்க அழுத்தி வையுங்கள். பைக்கும் பைபருக்கும் இடையில் காற்று இருக்கக் கூடாது, அந்த இடத்தை நனைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பையைப் பிடித்திருக்க, இன்னொருவர் படகை வேகமாக ஓட்டட்டும். பைபர் ஊடாகப் போவதால் எதிரொலி மங்கலாகத்தான் வரும். ஆனால் வேகத்திலும் தரை அறுபடாமல் நின்றால் கீழே குமிழி இல்லை என்று அர்த்தம். நடுவில் நுரைப்பலகை வைத்துக் கட்டிய அடிக்கு இந்தச் சோதனை வேலை செய்யாது.

சாய்வை அளப்பது: இங்கேதான் நிதானம் வேண்டும்

படகின் அடி தட்டையாக இருப்பதில்லை. ஏராவிலிருந்து இரு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்து போகும். அதில் ட்ரான்ஸ்டியூசரை அப்படியே பதித்தால் ஒலிக்கதிர் நேர் கீழே போகாமல் வெளிப்பக்கமாகச் சரிந்து போகும். இதைச் சரிசெய்யத்தான் உள்ளே ஒலி எழுப்பும் படிகத்தையே சாய்த்து வைத்த வகைகள் வருகின்றன. 12 பாகை, 20 பாகை என்பவை பொதுவானவை. அடியின் சாய்வு 8 முதல் 15 வரை என்றால் 12ஐயும், 16 முதல் 24 வரை என்றால் 20ஐயும் எடுப்பார்கள்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே சாய்வு தெரிந்திருக்க வேண்டும். ஓரடி நீள மட்டப்பலகையைப் படகின் குறுக்கு வாக்கில், நீங்கள் துளைக்கப் போகும் அதே இடத்தில் அடியோடு அணைத்துப் பிடித்து, அதன்மேல் கைபேசியின் கோணமானியை வையுங்கள். ஓரடி முன்னே போனாலே சாய்வு மாறிவிடும், அதனால் "ஏறத்தாழ அங்கே" என்று அளக்காதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கரையில் ஏற்றிய படகு கட்டைகளின் மேல் நேராக நிற்பதில்லை, எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் அளந்தால் அந்தச் சரிவும் கணக்கில் சேர்ந்துவிடும். ஏராவிலிருந்து ஒரே தூரத்தில் இரு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். வலப் பக்கம் 16, இடப் பக்கம் 8 என்று வந்தால் உண்மையான சாய்வு 12. வலப் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் 20 பாகை வகையை வாங்கி வந்திருப்பீர்கள்.

இன்னொன்று, அம்புக்குறி. சாய்ந்த படிக வகைகளின் தலையில் ஓர் அம்பு இருக்கும். அது ஏராவைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் பிழை இரட்டிப்பாகும்: 12 பாகை அடியில் 12 பாகை படிகம் மறுபக்கம் திரும்பினால் கதிர் 24 பாகை சரிந்து போகும். 200 கிலோஹெர்ட்ஸில் கதிரின் அகலமே 11 முதல் 15 பாகைதான். அந்தச் சரிவில் படகுக்கு நேர் கீழே உள்ளதை அது தொடவே தொடாது. படகுக்குள் குனிந்து நிற்கும்போது ஏரா எந்தப் பக்கம் என்று குழம்புவது எளிது. முன்கூட்டியே உட்புறத்தில் மார்க்கரால் குறுக்குக் கோடு கீறி, ஏராவை நோக்கி ஓர் அம்பையும் வரைந்துவிடுங்கள்.

துளை

எல்லோரும் பயப்படும் கட்டம் இது, ஆனால் வேலை கொஞ்சம்தான். வெளியே மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள், ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) சில்லாகப் பெயராது. உள்ளிருந்து 3 மில்லிமீட்டர் வழிகாட்டித் துளை ஒன்று. சாய்ந்த படிக வகைக்கு அது அடியின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வெளியே வந்து, அது நினைத்த இடத்தில்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிழை என்றால் இப்போதே எபொக்சியால் அடைத்துவிட்டு மாற்றலாம்.

பெரிய துளையை வெளியிலிருந்து வெட்டுங்கள், அளவு கையேட்டில் இருக்கும். முதல் சில சுற்றுகளை ட்ரில்லைப் பின்னோக்கிச் சுழற்றி ஜெல்கோட்டில் வட்டம் கீறிக்கொண்டால் ஹோல்சோ வழுக்காது. பிறகு முன்னோக்கி, மெதுவாக. முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். பைபர் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

வெட்டி எடுத்த வட்டத்தைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். முழுக்கப் பைபர் என்றால் துளையின் உள்விளிம்பில் எபொக்சி தடவினால் போதும். நடுவில் நுரையோ மரமோ தெரிந்தால் அன்றைக்கு வேலை முடியாது. உள்தோலில் துளையைப் பெரிதாக்கி, சுற்றியிருக்கும் நுரையைச் சுரண்டி எடுத்து, அந்த வளையம் முழுக்க எபொக்சி வார்த்து, இறுகியபின் மறுபடி துளைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் நட்டு இறுகும்போது நுரை நசுங்கும், பிறகு நீர் உள்ளே ஊறும். நமது வெக்கையில் எபொக்சி சீக்கிரம் இறுகிவிடும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

பூட்டுவது

பாலியூரித்தேன் சீலண்ட் மட்டும். குளியலறை சிலிக்கன் நீர்மட்டத்துக்குக் கீழே கூடவே கூடாது. என் தெரிவு சிக்காஃப்ளெக்ஸ் 291. திரீஎம் 5200 பிடித்தால் பிறகு கழற்ற முடியாது. ட்ரான்ஸ்டியூசர் ஒருநாள் பழுதாகும், அப்போது அதைக் கழற்ற அடியையே உடைக்க வேண்டிவரும்.

ட்ரான்ஸ்டியூசர் விளிம்பின் உட்பக்கத்தில் 2 மில்லிமீட்டர் கனத்தில் பூசுங்கள். கழுத்திலும், அடியின் தடிப்பும் நட்டும் சேர்ந்த உயரத்துக்கு மேல் இன்னும் 6 மில்லிமீட்டர் வரை பூசுங்கள். வெளியே ஒருவர் தள்ளிப் பிடிக்க, உள்ளே நீங்கள் நட்டைத் திருகுங்கள். சுற்ற வேண்டியது நட்டு மட்டுமே, உடல் சுற்றினால் அம்பு விலகிவிடும். விளிம்பைச் சுற்றிச் சீலண்ட் ஒரே சீராகப் பிதுங்கி வந்தால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் அத்தனையும் வெளியே போய்விடும். இந்தச் சீலண்ட் காற்றின் ஈரத்தில் இறுகுவது, ஆகவே தென்மேல் பருவக்காற்றில் படகு கரையில் கிடக்கும் மாதங்களிலும் இதைச் செய்யலாம். பூசும் பரப்பு மட்டும் உலர்ந்திருக்க வேண்டும்.

வயரை வெட்டி ஒட்டாதீர்கள். மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டுங்கள். எஞ்சின் வயர்களோடும் விஎச்எஃப் வானொலி வயரோடும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டாம், திரையில் கோடுகோடாக வரும்.

தண்ணீரில் இறக்கியதும்

படகு கிரேனின் பட்டியில் தொங்கும்போதே உள்ளே இறங்கி நட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சின்னக் கசிவு உடனே தெரியாது, மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். முதல் நாள் முழுக்கப் படகை ஆளில்லாமல் விட வேண்டாம்.

பெட்டியில் அலகைப் பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி) மாற்றிக்கொள்ளுங்கள், கடலில் எல்லோரும் பாகத்தில்தான் பேசுகிறார்கள். ஆழத் திருத்தம் என்ற அமைப்பையும் விட்டுவிடாதீர்கள். நீர்மட்டத்திலிருந்து ஆழம் வேண்டுமென்றால், ட்ரான்ஸ்டியூசர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கூட்டலாகக் கொடுங்கள். ஏராவுக்குக் கீழ் எவ்வளவு தண்ணீர் என்று வேண்டுமென்றால், முகத்திலிருந்து ஏராவின் அடிவரை உள்ள தூரத்தைக் கழித்தலாகக் கொடுங்கள். களனி கங்கை வாய்க்கு அருகே மணல்மேட்டைக் கடக்கும்போது எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

பின்னர் சேர்த்தது

ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் அளந்ததற்கும் திரைக்கும் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பெட்டிகள் பொதுவாக ஒலியின் வேகத்தை நொடிக்கு 1500 மீட்டர் என்று கணக்கிடும். நமது வெதுவெதுப்பான கடலில் அது 1540 அளவில் இருக்கும். 30 மீட்டரில் ஒரு மீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான் வரும், பழுது அல்ல.

முகத்துக்கு என்ன பெயின்ட்? பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க, நீரை அடிப்படையாகக் கொண்ட பாசித்தடுப்புப் பெயின்டை மெல்லியதாக ஒரு பூச்சு. சாதாரண அடிப் பெயின்டில் உள்ள கீற்றோன் கரைப்பான் ட்ரான்ஸ்டியூசர் முகத்தின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அசிட்டோனும் அந்த இனம்தான். அதைப் பைபரைத் துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துளையை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மரக்கட்டை அடித்துச் சீலண்ட் பூசி விடாதீர்கள். துளையைச் சுற்றிப் பைபரை 12க்கு 1 என்ற சரிவில் தேய்த்து இறக்குங்கள். அடி 10 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சுற்றிலும் 120 மில்லிமீட்டர். அதன்மேல் எபொக்சியில் நனைத்த பைபர் துணியைச் சிறிய வட்டம், அதைவிடப் பெரியது என்று அடுக்கி நிரப்பி, இறுகியபின் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள்.