ஷாட்கன் தோட்டா போடும் கைத்துப்பாக்கி: சட்டத்தில் பலரும் இடறும் இடங்கள்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் டாரஸ் ஜட்ஜ் என்ற ரிவால்வரைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். தோட்டாக்களைப் போடும் உருளை வழக்கத்தைவிட நீளமானது. .45 கோல்ட் என்ற பழைய ரிவால்வர் தோட்டாவும் அதில் போகும், பல சிறு ஈயக் குண்டுகள் நிரப்பிய .410 ஷாட்கன் தோட்டாவும் போகும். இதற்குப் போட்டியாக ஸ்மித் அண்ட் வெசன் 2011இல் கவர்னர் என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. நீதிபதி, ஆளுநர் என்று பெயர்கள் எவ்வளவு கௌரவமாக இருந்தாலும், வாங்கியவர்களில் சிலரைக் கோர்ட் வாசல்வரை கொண்டுபோகக்கூடிய சரக்கு இது.

முதல் தவறு, எந்தத் தோட்டாவைச் சுடுகிறது என்பதை மட்டும் பார்த்துச் சட்டத்தை ஊகிப்பது. ஒரு தரப்பார், ஷாட்கன் தோட்டா சுடுகிறதே, அப்படியானால் இதுவும் குழல் வெட்டிய ஷாட்கன்தான், திருட்டுத்தனமாக விற்கிறார்கள் என்பார்கள். எதிர்த்தரப்பார், கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், அப்படியானால் ஷாட்கன் தோட்டா சுடும் எந்தக் கைத்துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டும் பிழை. மத்திய சட்டத்தின் பார்வை குழலுக்குள் இருக்கிறது. உட்புறத்தில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருந்தால் அது சாதாரணக் கைத்துப்பாக்கி. உட்புறம் வழவழப்பாக இருந்து, ஷாட்கன் தோட்டா சுடும்படி செய்திருந்தால், 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் 'வேறு ஏதேனும் ஆயுதம்' என்ற விசித்திரமான தலைப்பின்கீழ் போய்விடும். அதைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பது சட்டம் இயற்றியவர்களுக்குப் பெருமை சேர்க்கும் கதை அல்ல. 1934 மசோதாவின் முதல் வடிவத்தில் எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் பதிவும் வரியும் இருந்தன. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு போட்டால் ஆட்கள் ஷாட்கனின் குழலை வெட்டிக் கோட்டுக்குள் மறைத்துக்கொள்வார்கள் என்பதால், அதற்கும் சேர்த்துக் கதவடைத்தார்கள். பிறகு எதிர்ப்புக் கிளம்பி, சாதாரணக் கைத்துப்பாக்கிகளை மசோதாவிலிருந்து நீக்கினார்கள். துணைக்கு வைத்த விதி மட்டும் தங்கிவிட்டது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் அதற்கு முன்பு ஹேண்டி-கன் என்ற ஒற்றைக்குழல் ஷாட்கன் கைத்துப்பாக்கியைத் தாராளமாக விற்றுவந்தது. இந்தச் சட்டத்தோடு அதன் கதை முடிந்தது.

ஆக, ஜட்ஜை வீட்டில் சாதாரணமாக வைத்திருக்க இடம் தருவது அந்தச் சுருள் பள்ளங்கள்தான். அதே பள்ளங்கள்தான் ஷாட்கன் தோட்டாவின் வேலையையும் கெடுக்கின்றன. தனிக் குண்டு நேராகப் போக அது சுழல வேண்டும். ஈயக் குண்டுகளின் கூட்டத்தைச் சுழற்றிவிட்டாலோ, குழல் வாயைத் தாண்டியதும் அவை வெளிப்பக்கமாகச் சிதறுகின்றன. சில கெஜம் தள்ளி ஒரு காகிதத்தை மாட்டிச் சிறு ரவை நிரப்பிய .410 தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால், ஓட்டைகள் வளையம்போல் ஓரத்தில் விழுந்து, குறிவைத்த நடுப்பகுதி ஏறக்குறைய காலியாக இருப்பதைப் பார்க்கலாம். 'ஷாட்கன் தோட்டா போட்டால் குறியே பார்க்க வேண்டாம்' என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிதறிப்போகும் ஒவ்வொரு குண்டும் எங்காவது போய்ப் பட்டே தீரும்; அதற்குப் பொறுப்பு சுட்டவர்தான். தாம்சன்/சென்டர் நிறுவனம் தன் கன்டெண்டர் கைத்துப்பாக்கிக்கான .410 குழலின் முனையில் சுழற்சியை அடக்க நேர்க்கோட்டுப் பள்ளங்கள் கொண்ட ஒரு துண்டைப் பொருத்தியது. வேடிக்கைதான்: சட்டத்துக்காகச் சுழற்றிவிட்டு, வாசலில் நிறுத்தி அடக்குகிறார்கள்.

இங்கேதான் சிலருக்கு விபரீத யோசனை வருகிறது. பள்ளங்களைத் தேய்த்துவிட்டால் ரவை ஒழுங்காகப் போகுமே என்று. தேய்த்த கணத்தில் துப்பாக்கியின் சட்ட வகையே மாறிவிடும்; முன் அனுமதி இல்லாமல் பதிவுக்குரிய ஆயுதத்தைத் தயாரித்த குற்றம் அது. தோளில் வைத்துச் சுடக் கட்டை பொருத்துவதும் இப்படித்தான். 1992இல் கன்டெண்டர் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. கைத்துப்பாக்கியோடு 21 அங்குலக் குழலையும் தோள்கட்டையையும் சேர்த்து விற்றதற்கு அரசு வரி கேட்டது; நிறுவனம் வென்றது. அந்தத் தீர்ப்பைச் சொல்லி, கட்டையும் குறுங்குழலும் ஒன்றாகப் பொருத்தலாம் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. தீர்ப்பு சொன்னது வேறு. நீளக் குழலோடு முறையாகப் பொருத்த வழி இருப்பதால், பெட்டியில் துண்டுகள் ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமாகாது, அவ்வளவுதான். கைத்துப்பாக்கிக்குரிய 10 அங்குலக் குழலோடு தோள்கட்டையைப் பூட்டிவிட்டால் அது பதிவுக்குரிய குறுங்குழல் ஆயுதம்.

தாத்தாவின் பெட்டியில் பழைய ஹேண்டி-கன் கிடைத்தால், இப்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. வைத்திருப்பவர்கள் தாமாகப் பதிவு செய்ய 1968 நவம்பரில் ஒரு மாதம் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. பதிவுத்தாள் கூடவே இருந்தால் வாரிசுக்கு முறைப்படி மாற்றலாம். தாள் இல்லையென்றால், அதை எடுத்துக்கொண்டு கடைகடையாக விலை விசாரிக்கக் கிளம்பாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

2026 ஜனவரியிலிருந்து புதிய குழப்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது. குறுங்குழல் ஷாட்கனுக்கு இருந்த 200 டாலர் வரியும், 'வேறு ஏதேனும் ஆயுதம்' கைமாறும்போது கட்டிய 5 டாலரும் பூஜ்யமாகிவிட்டன. வரிதான் போனது, விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

மாநில எல்லையில் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் சர்வசாதாரணம். கலிஃபோர்னியாவின் அண்டை மாநிலமான அரிசோனாவில் ஜட்ஜ் வெறும் ரிவால்வர். கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தால் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அந்த மாநிலச் சட்டம், ஷாட்கன் தோட்டாவைச் சுடும்படி வடிவமைத்த, 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட எந்தத் துப்பாக்கியையும் குறுங்குழல் ஷாட்கன் என்கிறது. பள்ளம் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. 'நான் .45 கோல்ட் மட்டும்தான் போடுவேன்' என்ற பதிலும் செல்லாது, வடிவமைப்புதான் கணக்கு. பூட்டிய பெட்டியில் துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்துபோக மத்திய சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. ஆனால் கிளம்பும் ஊரிலும் சேரும் ஊரிலும் அது சட்டப்படி இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு உதவாது.

தோட்டா விஷயத்தில் ஒன்று மட்டும். ஜட்ஜில் இரண்டும் போகிறதே என்று சாதாரண .410 ஷாட்கனில் .45 கோல்ட் தோட்டாவைத் திணிக்கக் கூடாது. .45இன் குண்டு அந்தக் குழலைவிடத் தடிமன். துப்பாக்கி வெடித்துக் கை போய்விடும்.

அமெரிக்காவில் எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருக்கும் நம்மவர்களுக்கு இவை அனைத்துக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் எந்தத் துப்பாக்கியையும், தோட்டாவையும்கூட, வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. வேட்டை உரிமத்தின் காலாவதித் தேதியைக் கவனிக்காமல் விட்டால், நேற்றுவரை முறைப்படி வைத்திருந்த துப்பாக்கியே இன்று வழக்குக்குரிய பொருளாகிவிடும்.